தம்பியின் வெள்ளையணுக்கள்

என் தம்பி லிஃப்ட் பழுதுபார்ப்பவன். அவனுக்கு எச்ஐவி இருக்கிறது. ஆறு வருடமாக ஒரு நாள் தவறாமல் மாத்திரை போடுகிறான். சோதனையில் கிருமி தட்டுப்படுவதே இல்லை. ஆனாலும் வேலை முடிந்து வந்தால் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் படுத்துவிடுவான். நான் சும்மா இருப்பேனா? சோம்பேறி என்று வாய்க்கு வந்தபடி திட்டுவேன். எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம்.

நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில், இவனைப் போன்றவர்களின் வெள்ளையணுக்கள் எவ்வளவு ஆக்ஸிஜன் எடுத்துக்கொள்கின்றன என்று அளக்கிறோம். கிருமி அடங்கிய பிறகும் சிலருக்கு அவை சரியாக மூச்சு விடுவதில்லை, சக்தி உண்டாக்குவதில்லை. நோயை எதிர்க்கவும் சுணங்குகின்றன. சோர்வுக்கும் அதுதான் காரணமா என்பது எங்கள் கேள்வி. இதைக் கேட்டதும் தம்பி தானாகவே வந்து கையை நீட்டினான். மாலையில் எடுத்த ரத்தத்தை மறுநாள் காலையில் அளந்தோம்.

அணுக்கள் பாதி மூச்சுகூட விடவில்லை. அன்றைக்கே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் முகம் தெளிந்துவிட்டது.

அடுத்த நாள் ஆய்வை நடத்தும் டாக்டரம்மா வரைபடத்தைக் காட்டினார். ரத்தக் குழாய்களை அடுக்கிய அதே ரேக்கில், ஒப்பிட்டுப் பார்க்க எடுத்திருந்த, எந்த நோயும் இல்லாத எங்கள் காவலாளியின் ரத்தமும் அப்படியே படுத்திருந்தது. ராத்திரி ரேக்கை எங்கே வைத்தாய் என்று கேட்டார். ஃப்ரிட்ஜில் என்றேன். மூச்சை அளக்க வேண்டிய ரத்தத்தைக் குளிரில் வைக்கவே கூடாது, மேசைமேல்தான் இருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். தம்பி ரத்தமாயிற்றே, கெட்டுவிடக் கூடாதே என்று கை தன்பாட்டுக்குப் பத்திரப்படுத்திவிட்டது.

"மறுபடி எடுக்கணும்டா. தப்பு என்னோடது."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். சட்டைக் கையை மடிக்கவில்லை. இந்தத் தடவை எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டான். குரலில் பயம் இருந்தது. உடம்பு நன்றாக இருந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு அவனைப் பேசியே ஆக்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"மெஷின் என்ன வேணா சொல்லட்டும். நீ சோம்பேறி இல்லடா."

அவன் என்னையே பார்த்தான்.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா, நான் ரத்தமே குடுத்திருக்க மாட்டேன்க்கா."