இல்லாத தலைப்பு

விற்க வருகிறவன் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் லேசில் வராது. நூலகர் அதைப் பட்டுத் தெரிந்துகொண்டவள். ஆராய்ச்சிக் கட்டுரைகளை இணையத்தில் தேடித் தரும் டேட்டாபேஸ் கம்பெனிகள் வருடம் தவறாமல் கல்லூரிக்குப் படையெடுக்கும். உலகத்தையே கையில் தருகிறோம் என்பார்கள். சந்தா கட்டிவிட்டுப் பார்த்தால் பாதிக் கதவு பூட்டியிருக்கும். அதனால் அவள் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. சில நாள் இலவசமாகத் திறந்துவிடச் சொல்வாள், உட்கார்ந்து இரண்டே தேடல்கள் போடுவாள், வேண்டும் வேண்டாம் என்று முடிவு செய்வாள்.

முதல் தேடல், இருக்கிற ஒன்றுக்கு. அவளுடைய தம்பி எழுதிய ஒரே கட்டுரை, சதுப்பு நிலத் தவளைகளின் குரலைப் பற்றியது. யாரும் சீந்தாத ஒரு சின்ன இதழில் வந்தது. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் அந்த டேட்டாபேஸ் ஆழமாகத் தோண்டியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது தேடல், இல்லாத ஒன்றுக்கு. 'மழை நின்ற பிறகு கத்தும் தவளைகள்.' தம்பி அடுத்து எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்த கட்டுரை. எழுதவில்லை. குரல்களைப் பதிவு செய்யச் சதுப்புக்குள் போனவன் திரும்பி வரவில்லை, ஒற்றைச் செருப்புதான் கிடைத்தது. அந்தத் தலைப்பைக் கேட்டால் நாணயமான டேட்டாபேஸ் 'முடிவுகள் எதுவும் இல்லை' என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாமல் எதையாவது இழுத்து வந்து கொட்டினால் நாளைக்கு மாணவர்கள் தலையிலும் அதையேதான் கொட்டும்.

இதற்குப் போய்ச் சொந்தத் தம்பியா கிடைத்தான் என்று கேட்கலாம். உலகத்தில் வேறு எந்தக் கட்டுரை இல்லை என்பது அவளுக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரியும்? ஒவ்வொரு வருடமும் 'எதுவும் இல்லை' என்று வரும்போது, சரிதான் என்று தலையாட்டிக்கொள்வாள். அப்புறம் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பாள்.

இந்த வருடம் மூன்று கம்பெனிகள். எடுக்க முடிந்தது ஒன்றைத்தான். முதலாவது இரண்டு சோதனையிலும் தேறியது, ஆனால் ஆமை வேகம். இரண்டாவதுக்குத் தம்பியின் பெயரே தெரியவில்லை. மூன்றாவதை ஒரு மத்தியானம் திறந்தாள். தேர்வு முடிந்த காலம், வாசிப்பு அறையில் ஈ காக்கை இல்லை. முதல் தேடலுக்குப் பழைய கட்டுரை பளிச்சென்று வந்தது. மெச்சிக்கொண்டே இரண்டாவது தலைப்பைத் தட்டினாள்.

ஒரு முடிவு, என்றது திரை.

தம்பியின் பெயர். தேதி இந்த வருடத்தது. கட்டுரைச் சுருக்கம் மட்டும் திறந்தது, முழுக் கட்டுரை சந்தா கட்டியவர்களுக்கு. அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். மழை நின்ற பிறகு தவளைகள் எந்த வரிசையில் கத்தத் தொடங்குகின்றன என்று அவன் பேசுகிற அதே நிதானத்தில் எழுதியிருந்தது. கடைசி இரண்டு வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். 'பதிவுகள் யாவும் நீருக்குள்ளிருந்து எடுக்கப்பட்டவை. சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் தந்த அக்காவுக்கு நன்றி, அது இன்னும் எரிகிறது.'

வெளிச்சம் பட்டால் தவளை மிரளும் என்று அவன் சொன்னதால், புறப்படுகிற அன்று அவள்தான் டார்ச்சின் முகத்தில் சிவப்புத் தாளை ஒட்டிக் கொடுத்தாள். அது அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

கம்பெனி ஆளுக்குப் போன் போட்டாள். "உங்க டேட்டாபேஸ்ல இல்லாத கட்டுரையெல்லாம் வருது."

அவன் சிரித்தான். "மேடம், எங்ககிட்ட இல்லைங்கற பேச்சுக்கே இடமில்லை. மத்தவங்க விட்டதையெல்லாம் நாங்க சேத்து வெச்சிருக்கோம்."

"எங்கேருந்து சேக்கறீங்க?"

"எழுதறவங்களே அனுப்பிடறாங்க மேடம்."

போனை வைத்துவிட்டாள். பொய்யான சரக்கு, தேடுகிறவனுக்குத் தக்கபடி எதையோ திரித்துத் தருகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அப்படியென்றால் எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் தர வேண்டுமே? வாய்க்கு வந்த தலைப்புகளைப் போட்டுப் பார்த்தாள். அம்மாவின் பெயரைப் போட்டு, 'பெரிய மகளைத் திட்டுவது எப்படி' என்று தட்டினாள். முடிவுகள் எதுவும் இல்லை. விலங்கியல் துறைத் தலைவர் பெயரில் ஒரு கோமாளித் தலைப்பு. இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தன் பெயரிலும் ஒன்று போட்டாள். இல்லை.

பிறகு அவளுக்கு முன்னால் அங்கே நூலகராக இருந்தவர் ஞாபகம் வந்தது. எந்நேரமும் வாயில் விரலை வைத்துக்கொண்டே திரிந்ததால் பிள்ளைகள் அவருக்கு 'உஷ் சார்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். போன வருடம்தான் காலமானார். அவர் பெயரில், 'புத்தகத்துக்குள் பிஸ்கட் வைக்கும் வாசகர்கள்' என்று தட்டினாள்.

ஒரு முடிவு. சுருக்கத்தின் கடைசி வரி: 'இங்கே யாரும் சத்தம் போடுவதில்லை, வேலை நன்றாக ஓடுகிறது.'

உயிரோடிருக்கிறவர்கள் எழுதாத எதுவும் அதில் இல்லை. போனவர்கள் மட்டும் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவள் கம்ப்யூட்டரை அணைக்காமலே எழுந்து, ஜன்னல் பக்கம் போய் வெயிலில் நின்றாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆசை முன்னால் வந்து நின்றது. முழுக் கட்டுரையைப் படிக்க வேண்டும். இத்தனை வருடமும் சோதனை என்று பெயர் வைத்துக்கொண்டு அவள் தட்டிப் பார்த்தது அவன் கதவைத்தான் என்பது அவளுக்கே அன்றுதான் உறைத்தது.

சாயங்காலம் அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். வாசலில் செருப்பு வைக்கும் பலகையில் தம்பியின் ஒற்றைச் செருப்பு இன்றைக்கும் இருக்கிறது, வாரம் ஒருமுறை அம்மா துடைத்து வைப்பாள், யாரும் அதைத் தொடக்கூடாது. பைத்தியம் என்று திட்டுவாள் என்று நினைத்துக்கொண்டேதான் நூலகர் அந்தச் சுருக்கத்தைப் படித்துக் காட்டினாள்.

அம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "டார்ச் இன்னும் எரியுதாமா?"

"அப்படித்தான்மா போட்டிருக்கு."

"அப்ப சரி. இருட்டுல இல்ல." கொஞ்ச நேரம் குழம்பைக் கிளறினாள். "மீதியை எப்ப படிச்சுக் காட்டுவே?"

"காலேஜ்ல அதை எடுத்தாத்தான்மா முழுசா திறக்கும். திங்கக்கிழமை கமிட்டி இருக்கு."

"எடுக்கச் சொல்லேண்டி. ஊருக்கெல்லாம் புத்தகம் தேடிக் குடுக்கறே, பெத்தவளுக்கு இது ஒண்ணு செய்யக்கூடாதா? எனக்கு என்ன, நூறு வயசா இருக்கப்போறேன்?"

"ஆரம்பிச்சுட்டியா," என்றாள் மகள். ஆனால் அப்போதே முடிவு செய்துவிட்டாள். மாணவர்களுக்கும் அதில் ஒன்றும் குறைவில்லை, உயிரோடிருந்தபோது எழுதியதெல்லாம் ஒழுங்காகத்தான் வருகிறது, யார் போய் இந்த மாதிரித் தலைப்புகளைத் தேடப்போகிறார்கள் என்று தனக்குத் தானே வக்கீல் வைத்துக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு சப்பைக்கட்டை அவள் கட்டியதில்லை.

திங்கட்கிழமை காலையில் புறப்படும்போது, "இன்னைக்கு ராத்திரி படிச்சுக் காட்டறேன்," என்றாள். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. பகலில்கூடத் தாழ்ப்பாள் போட்டுத்தான் இருப்பாள், அது அம்மாவின் குணம்.

கமிட்டி என்றால் மூன்றே பேர். கல்லூரி முதல்வர், விலங்கியல் துறைத் தலைவர், நூலகர். சுவரில் பெரிய திரை. அவள் மூன்றாவதையே எடுக்கலாம் என்று சொல்லிவிட்டுக் காரணங்களை அடுக்கினாள். முதல்வருக்கு மதியம் வேறு வேலை இருந்தது, சரி என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். துறைத் தலைவர்தான் விடவில்லை.

"எப்பவும் ரெண்டு சோதனை செஞ்சு காட்டுவீங்களே மேடம், அதைச் செஞ்சுடுங்க."

அங்கேதான் சிக்கல். துறைத் தலைவர் தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர், அவனைத் தேடிச் சதுப்புக்குப் போனவர்களில் ஒருவர். அந்தத் தலைப்பை அவர் கண்ணெதிரே திரையில் போட முடியாது. முதல் தேடலுக்கு அவருடைய கட்டுரையையே போட்டாள். வந்தது. மனிதர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவதுக்கு, இல்லை என்று வரும் என அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்று வேண்டும். அன்றைக்கே போட்டுப் பார்த்து இல்லை என்று வந்த ஒன்று இருக்கிறதே. சிரிப்பும் வந்தது. அம்மாவின் பெயரைப் போட்டு, 'பெரிய மகளைத் திட்டுவது எப்படி' என்று தட்டினாள்.

ஒரு முடிவு.

முதல்வர் வாய்விட்டுச் சிரித்தார். "திட்டறதுக்கெல்லாம் ஆராய்ச்சியா? யாருங்க இந்தம்மா?"

திரையில் சுருக்கம் தானாகத் திறந்துகொண்டது. 'இனித் திட்டுவதற்கு ஒன்றும் மீதமில்லை. சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. அடுப்பை அணைத்தாகிவிட்டது. சின்னவன் சிவப்பு வெளிச்சத்தோடு வாசலில் நிற்கிறான், கட்டுரையை அவனே படித்துக் காட்டுகிறேன் என்கிறான். கதவைத் திறந்தே விட்டுப் போகிறேன்.'

"பாத்தீங்களா, ஏதோ கதை அளக்குது," என்றார் துறைத் தலைவர். "இல்லாததை இல்லைன்னு சொல்லத் தெரியாத டேட்டாபேஸ் வேணாம்னு நீங்கதானே மேடம் சொல்வீங்க. இது சுத்தப் பொய். தள்ளிடுங்க, முதல் கம்பெனியே போதும்."

"அது பொய் சொல்லல சார்," என்றாள் அவள்.

நூலகத்துக்காரி என்பதால் அவளுடைய போன் எப்போதும் சத்தமில்லாமல் மேஜைமேல் குப்புறக் கிடக்கும். அதைத் திருப்பக் கை வரவில்லை. திருப்பாதவரை அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருப்பாள் என்று தோன்றியது. துறைத் தலைவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முன்னால் சாய்ந்தார். "என்னம்மா ஆச்சு? யாரு பேரு அது?"

"எங்கம்மா பேரு சார்."

போனைத் திருப்பினாள். பக்கத்து வீட்டிலிருந்து அழைப்புகள் வரிசையாக வந்து நின்றிருந்தன.

துறைத் தலைவரே காரில் கொண்டுவந்து விட்டார். வாசலில் பக்கத்து வீட்டு அக்கா அழுது சிவந்த கண்ணோடு நின்றாள். "எப்பவும் தாழ்ப்பாள் போட்டுத்தானே இருப்பாங்க. கதவு விரியத் திறந்து கிடந்துது. அதான் எட்டிப் பார்த்தேன்." அம்மா வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தாள், யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிற முகம். அடுப்பு அணைந்திருந்தது. சாப்பாடு மூடியிருந்தது. அவள் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, படித்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேனே, எனக்காகக் காத்திருக்கக் கூடாதா என்று அழுதாள். விட்டுவிட்டுப் போனதைவிட, இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு தன்னை மட்டும் விட்டுவிட்டார்களே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மூன்றாவது கம்பெனிக்கு வேண்டாம் என்று அன்றைக்கே கல்லூரியிலிருந்து பதில் போய்விட்டது. மறுநாள் பார்த்தபோது அந்தப் பக்கமே திறக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு அவள் வாசலைப் பெருக்கினாள். செருப்புப் பலகையில் தம்பியின் செருப்பு இருந்த இடத்தில் தூசியே இல்லாத ஒரு தடம் மட்டும் இருந்தது. யாராவது எடுத்து நகர்த்தியிருப்பார்களோ என்று பக்கத்து வீட்டில் கேட்டாள், நாங்கள் தொடவே இல்லை என்றார்கள். கட்டிலடி, பரண், கொல்லைப்புறம் என்று வீடு முழுக்கத் தேடினாள். இல்லை.