வலப்பக்கம் சாயுற வேப்பிலை

எனக்குக் கோபம் வந்தா வாய் முன்னாடி போயிடும். புத்தி பின்னாடி ஷேர் ஆட்டோ புடிச்சு மெதுவா வந்து சேரும். இதை என் வீட்டுக்காரர் சௌகத் அலி இருபத்தேழு வருஷமா சொல்லிக்கிட்டே இருக்காரு. சொன்னா கேக்குற ஆளா நான்?

எதிர் ஃபிளாட் சரோஜினி விஷயத்துலயும் அதுதான் நடந்துச்சு. மேடவாக்கத்துல இந்த ஃபிளாட்டுக்கு நாங்க வந்து பதினோரு வருஷம் ஆகுது. வந்த அன்னிக்கே லாரித் தண்ணி வரல. நான் கேட்ல நின்னு செக்யூரிட்டிகிட்ட கத்திக்கிட்டிருந்தப்போ, சத்தமில்லாம ரெண்டு குடம் தண்ணி கொண்டாந்து என் வாசல்ல வச்சவ சரோ. அதுக்கப்புறம் என் வீட்டுச் சாவி ஒண்ணு அவகிட்ட, அவ வீட்டுச் சாவி ஒண்ணு என்கிட்ட. என் பொண்ணு ஆஃபியாவுக்கு ஸ்கூலுக்கு ரெட்டை ஜடை பின்னி விட்டதெல்லாம் அவதான். தினமும் நாலு மணிக்கு டீ. ஆளுக்கொரு குரோஷா ஊசி, மடியில உல்லன் நூல், வாய் நிறைய ஊர் வம்பு.

சரோவுக்கு இடது கைப் பழக்கம். சின்ன வயசுல டீச்சர் ஸ்கேலால கை முட்டியிலயே அடிச்சு அடிச்சு, எழுதுறதை மட்டும் வலது கைக்கு மாத்திட்டாங்களாம். மத்ததெல்லாம் இடதுதான். அதை அவ சொன்னப்போ, "யாருடி அந்த டீச்சர்? அட்ரஸ் குடு, நான் பாத்துக்குறேன்"னு எகிறினவ நான். அப்படி எகிறின வாய்தான் இந்தக் காரியத்தையும் பண்ணுச்சு.

ஆஃபியாவுக்கு ஏழாம் மாசம் வளையல் போட்டோம். சம்பந்தி வீட்டுலேர்ந்து பத்துப் பேர் வந்திருந்தாங்க. சரோ ஜாங்கிரித் தட்டை எடுத்துக்கிட்டு வந்து, ஒண்ணை எடுத்து என் சம்பந்தி சபீஹா அக்காகிட்ட நீட்டினா. இடது கையாலதான். சபீஹா அக்கா வாங்காம அந்தக் கையையே பார்த்தாங்க. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. பொண்ணைக் கட்டிக் குடுத்த இடமாச்சே.

"பீச்சாங்கையால குடுக்காத சரோ! வந்தவங்க முன்னாடி மானத்தை வாங்குறியே!"

சரோ தட்டை டேபிள் மேல வச்சா. கையைப் புடவையில துடைச்சா. போயிட்டா. ஆஃபியா உள் ரூம்ல வளையல் போட்டுக்கிட்டிருந்ததால அவளுக்கு இது எதுவும் தெரியாது.

மறுநாள் காலையில கிரில் கேட்ல ஒரு துணிப்பை தொங்குச்சு. உள்ள பாதி போட்ட குழந்தைப் போர்வை. ஆஃபியா குழந்தைக்குன்னு சரோ ஆசை ஆசையா போட்டுக்கிட்டிருந்த பிஸ்தா பச்சைப் போர்வை. கூடவே மீதி நூல், ஊசி. பைக்கு அடியில என் வீட்டுச் சாவி.

சாவியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரல, கோபம்தான் வந்துச்சு. ஓஹோ, அவ்ளோ ரோஷமா, இருக்கட்டும்னு நானும் கதவைச் சாத்திக்கிட்டேன். ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. நாலு மணிக்கு டீ போட்டா ரெண்டு கப் எடுத்து வைக்குது இந்தக் கை. ஒண்ணைத் திருப்பி அலமாரியில வைக்கிறப்போ எனக்கு என் மேலயே எரிச்சலா வரும்.

ஆஃபியாவும் மாப்பிள்ளை முதாசிரும் சிங்கப்பெருமாள் கோவில்ங்கிற ஊர்ல இருக்காங்க, அவர் வேலை அங்க ஒரு கம்பெனியில. போன வாரம் ஆஃபியா போன் பண்ணா. "ம்மா, ஞாயித்துக்கிழமை பிரசவத்துக்கு வந்துடுறேன். அத்தையும் கொண்டாந்து விட வர்றாங்க. சரோ ஆன்ட்டியோட போர்வை ரெடியா? என் புள்ளையை முதல்ல அதுலதான் சுத்தணும்."

ரெடின்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது? ஆன்ட்டியை நான் பத்துப் பேர் முன்னாடி அசிங்கப்படுத்தினேன்னா சொல்ல முடியும்?

சரி, நாமளே முடிச்சுடலாம், இதென்ன பெரிய கம்ப சூத்திரமான்னு பையை எடுத்தேன். சரோ போட்டிருந்தது நான் இதுவரைக்கும் போடாத தையல். ஒரு வரிசை சாதா, அடுத்த வரிசை முழுக்கச் சின்னச் சின்னப் புடைச்ச இலை. ஒவ்வொரு இலையும் வலப்பக்கமா சாஞ்சு நிக்கும். வேப்பிலைத் தையல்னு அவளே பேர் வச்சிருந்தா. எண்ணிப் பார்த்து, ஒரு இலைக்கு எத்தனை லூப்புன்னு கண்டுபுடிச்சு, ஒரு வரிசை போட்டேன். விரிச்சுப் பார்த்தா, அவ இலையெல்லாம் ஜன்னல் பக்கம் சாயுது, என் இலையெல்லாம் கிச்சன் பக்கம் சாயுது.

பிரிச்சேன். மறுபடி போட்டேன். கிச்சன் பக்கம்தான். போர்வையைத் திருப்பிப் பின்பக்கமா போட்டுப் பார்த்தேன். சாய்வு சரியா வந்துச்சு, ஆனா இலையோட வயிறு அந்தப் பக்கம் புடைச்சிக்கிட்டுப் போயிடுச்சு, இந்தப் பக்கம் தட்டையா கெடக்கு. நாலு தடவை பிரிச்சதுல நூலே நைஞ்சு போச்சு. "என்னா பேஜாரு புடிச்ச தையல்டா இது"ன்னு ஊசியை சோபாவுல விசிறி அடிச்சேன். தாம்பரத்துல இருக்குற எங்க பேக் கடைக்குக் கெளம்பிக்கிட்டிருந்த இவரு, "ஊசி என்ன பாவம் பண்ணுச்சு?"ன்னு கேட்டுட்டுப் போனாரு. நல்லவேளை சீக்கிரம் போனாரு.

ஆஃபியாவுக்கு வீடியோ கால் போட்டு, போர்வையை முன்னாடி புடிச்சேன். போன்ல என் மூஞ்சிக்குக் கீழ பார்த்தா, அட, என் இலை வலப்பக்கம்தான் சாயுது!

"பாருடி, எவ்ளோ கரெக்டா வந்திருக்கு!"

"எங்கம்மா கரெக்ட்டு? உன் வரிசை உல்டாவா இருக்கே."

"கண்ணு தெரியலையாடி உனக்கு?"

"ஐயோ ம்மா, உன் போன்ல உனக்குக் கண்ணாடி மாதிரித் தெரியும். எனக்கு நேராத் தெரியுது." அப்புறம் சிரிச்சா. "சரோ ஆன்ட்டி லெஃப்டி, மறந்துட்டியா? அவங்க ஆரம்பிக்கிற ஓரமே வேற. நீ வலது கையால எத்தனை வரிசை போட்டாலும் இப்படித்தான் வரும். நீ எதுக்கு இதைப் போடுற? ஆன்ட்டி எங்க?"

"கடைக்குப் போயிருக்கா"ன்னு சொல்லிட்டு போனை வச்சுட்டேன்.

பதினோரு வருஷம் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். அவ எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கிறான்னு ஒரு நாள் கூட நான் பார்க்கல. நான் ஒரு தையலைக் கத்துக் குடுத்தா, அவ தனக்குள்ள திருப்பிப் போட்டுப் புரிஞ்சிக்கிட்டிருந்திருக்கா. ஒரு தடவை கூட, "எனக்கு உல்டாவா இருக்குடி, மறுபடி காட்டு"ன்னு கேட்டதில்ல.

சரி, அவ வரிசையை அவ கையாலதான் போடணும்னா, இடது கையாலயே போடுறேன்னு, என் உல்டா வரிசையைப் பிரிச்சுட்டு உக்காந்தேன். பிஸ்மி சொல்லி ஊசியை இடது கையில புடிச்சேன். நூலை வலது கை விரல்ல சுத்தினேன். சொன்னா சிரிப்பீங்க, பத்து செயின் போட அரை மணி நேரம். ஊசி ஒரு பக்கம் போகுது, நூல் ஒரு பக்கம் போகுது. கட்டை விரல் விண்ணு விண்ணுன்னு வலிக்குது. நான் எத்தனை பேருக்குக் குரோஷா சொல்லிக் குடுத்தவ! ஒண்ணாங்கிளாஸ் பாப்பா கணக்கா நாக்கைத் துருத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். மூணு நாள் ஆச்சு ஒரு வரிசை முடிக்க. பாதி இலை நோஞ்சான், பாதி இலை ஊதிப்போனது. ஆனா அத்தனையும் ஜன்னல் பக்கம் சாஞ்சிருந்துச்சு.

வியாழக்கிழமை. ஞாயிறுக்குள்ள இன்னும் பதினாலு வரிசை. நான் போட்டா குழந்தைக்குக் காது குத்துறப்போதான் முடியும். அதுகூடப் பெரிசில்ல. போர்வையைச் சாக்கா வச்சாவது அவ மூஞ்சியைப் பார்த்துடணும்னு ஆயிடுச்சு எனக்கு. சரியா நாலு மணிக்கு, போர்வையையும் சாவியையும் எடுத்துக்கிட்டு எதிர் கதவு பெல்லை அடிச்சேன்.

சரோ திறந்தா. "வாங்க. உக்காருங்க."

வாங்க! நாலு அறை விட்டிருந்தா கூட இவ்ளோ வலிச்சிருக்காது.

உள்ள போய் டீ போட்டுக் கொண்டாந்தா. வலது கையால நீட்டினா. கப்பு சாசர்ல கடகடன்னு ஆடுது, பாதி டீ சாசர்லயே கெடக்கு. இடது கையை முந்தானைக்குள்ள சுருட்டி வச்சிருந்தா.

"அந்தக் கையாலயே குடு சரோ."

"பரவால்லைங்க. பழகிக்கிட்டேன். பால்காரருக்குக் கூட இப்ப இந்தக் கையாலதான்."

கப்பை வாங்கிக் கீழ வச்சேன். கண்ணுல தண்ணி கொட்டுது. "தப்புடி. நான் பேசினது பெரிய தப்பு. மன்னிச்சுடு"ன்னு சொன்னேன்.

அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. "நீங்க இப்ப தனியா வந்து சொல்றீங்க. அன்னிக்குப் பத்துப் பேர் இருந்தாங்க."

சாவியை எடுத்து டீப்பாய் மேல வச்சேன். "எடுத்துட்டுப் போங்க"ன்னா. மறுபடி பையில போட்டுக்கிட்டேன். என்ன பண்றதுன்னு தெரியாம போர்வையை மடியில விரிச்சு, இடது கையில ஊசியைப் புடிச்சு அடுத்த இலையை ஆரம்பிச்சேன்.

அவ திரும்பிப் பார்த்தா. ஊசி நழுவுச்சு. புடிச்சேன். மறுபடி நழுவுச்சு.

"என்னது இது? இடது கையால போடுறீங்க?"

"உன் இலை என் வலது கைக்கு வர மாட்டேங்குது."

"இந்த வரிசை..." கிட்ட வந்து, நான் போட்ட நோஞ்சான் இலைங்களை விரலால தடவிப் பார்த்தா. "இது மொத்தமும் நீங்களா?"

"மூணு நாளா."

நான் அடுத்த லூப்பை இழுத்தேன். நூல் முறுக்கிக்கிச்சு. "ஐயோ, நூலை அப்படி நெரிக்காதடி!"ன்னு கத்திக்கிட்டே பக்கத்துல உக்காந்து என் விரலைப் பிரிச்சா. "சுண்டு விரல்ல ஒரு சுத்து. இலை முடியுறப்போ ஊசியை உன் பக்கமா சாய். ம். அவ்ளோதான்." அப்புறம் அவளே வாங்கிப் போட ஆரம்பிச்சா. என்னா வேகம்! நான் பக்கத்துல உக்காந்து, முதல் தடவையா, அவ கையைப் பார்த்தேன். "குழந்தைக்காகப் போடுறேன்"னு மட்டும் சொன்னா. ஆனா அவ சொன்ன பத்துப் பேர் என் மண்டையிலயே நின்னாங்க.

சனிக்கிழமை சாயங்காலம் போர்வை முடிஞ்சுது.

ஞாயித்துக்கிழமை ஆஃபியா, முதாசிர், சபீஹா அக்கா, கூட அன்னிக்கு வந்திருந்தவங்க நாலஞ்சு பேரும் வந்து இறங்கினாங்க. ஆஃபியா நேரா போய் சரோவைக் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டா. வந்தவளால சும்மா உக்கார முடியுமா? ஜாங்கிரித் தட்டை எடுத்துட்டா. சபீஹா அக்கா முன்னாடி வந்ததும் நின்னா. தட்டை இடது கைக்கு மாத்திக்கிட்டு, ஒரு ஜாங்கிரியை எடுக்க வலது கையை நீட்டினா. தட்டு ஒரு பக்கமா சரியுது.

நான் எழுந்துட்டேன். "சபீஹா அக்கா, ஒரு நிமிஷம். எல்லாரும் கேளுங்க. அன்னிக்கு இவ கையைப் பத்தி நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். அது தப்பு. உங்க பேரப்புள்ளைக்குப் போர்வை போட்டது அந்தக் கைதான். நானும் அதே மாதிரி போட்டுப் பார்த்துட்டேன், எனக்கு ஒரு வரிசைக்கு மேல வரல. சரோ, எந்தக் கையால வருதோ அந்தக் கையால குடு. புடிக்காதவங்க வாங்க வேணாம்."

கடைசி வரி தேவையில்லதான். ஆனா வாய் என் வாயாச்சே. சம்பந்தி எழுந்து போயிட்டா என்ன பண்றதுன்னு அப்பதான் தோணுச்சு. ஆஃபியா என்னையும் சரோவையும் மாத்தி மாத்திப் பார்த்தா.

சபீஹா அக்கா மெதுவா, "எனக்குப் புடிக்கலன்னு உன்கிட்ட யாரு சொன்னது?"ன்னு கேட்டாங்க. "முதாசிர் சின்னதுல இடது கைதான். கரண்டிக் காம்பால அடிச்சு மாத்தினது நான். அன்னிக்கு இந்தப் பொண்ணு கையைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்துச்சு. அதுக்குள்ள நீ கத்திட்ட." சொல்லிட்டு சரோவைப் பார்த்துக் கையை நீட்டினாங்க. "குடும்மா."

சரோ தட்டை வலது கைக்கு மாத்திக்கிட்டு, இடது கையால எடுத்துக் குடுத்தா. தட்டு ஆடவே இல்ல.

அடுத்து முதாசிர். அவர் இடது கை லேசா மேல வந்துச்சு, சட்டுனு கீழ போயிடுச்சு. சபீஹா அக்கா பார்த்துட்டாங்க. "எடுடா. சாப்பிடுறதை மட்டும் வலது கையால சாப்பிடு." அந்த ஆறடி ஆளு வெக்கப்பட்டுக்கிட்டே இடது கையால எடுத்தாரு. ஆஃபியா போர்வையை வயித்து மேல விரிச்சு, "ம்மா, நடுவுல இந்த ஒரு வரிசை மட்டும் ஏன் கோணக் கோணையா இருக்கு?"ன்னு கேட்டா. சரோ, "அதுதான் உங்கம்மா போட்டது, அதைப் பிரிக்க நான் விடல"ன்னா.

எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்புறம் சரோ கெளம்பினா. கதவு பக்கத்துல சுவத்துக் கொக்கியில நான் மாட்டி வச்ச அந்தச் சாவி தொங்கிக்கிட்டிருந்துச்சு. அவளே நின்னு, அதை எடுத்து, இடுப்புல சொருகிக்கிட்டா.

"நாளைக்கு நாலு மணிக்கு வர்றேன். சர்க்கரையைக் கம்மியா போடுடி"ன்னு சொல்லிட்டு எதிர் வீட்டுக்குப் போயிட்டா.