மூன்றாவது கேமரா

போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்கிறவனை வெள்ளிமலையில் யாரும் போட்டோக்காரன் என்று ஒப்புக்கொள்வதில்லை. போன்தான் எல்லாரிடமும் இருக்கிறதே. பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கு சரத்குமார் ஓடியாடி முந்நூறு படம் எடுத்துக் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டுப் போ என்றார்களே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அதே விசேஷத்துக்கு மலைக்குக் கீழேயிருந்து ஒருத்தன் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். அவனுக்கு உட்கார நாற்காலி, முதல் பந்தியில் இலை, கிளம்பும்போது கையில் கவர். மரவள்ளிக் காட்டில் கூலிக்குக் குனிந்தது போதும், எப்பாடு பட்டாவது ஒரு கேமரா வாங்கிவிடுவது என்று சரத்குமார் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டான்.

பெரிய கேமராவுக்கு வக்கில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற சின்ன டிஜிட்டல் கேமரா, பழசானாலும் பரவாயில்லை, படம் மட்டும் பளிச்சென்று விழ வேண்டும். மூன்று மாதம் யூடியூப்பே கதி என்று கிடந்தான். மெகாபிக்சல் கணக்கெல்லாம் சும்மா ஊரை ஏய்க்கிற பேச்சு, சென்சார் பெரிதா என்று பார்க்கணும், இருட்டில் லென்ஸ் வெளிச்சத்தை எப்படி வாங்குகிறது என்று பார்க்கணும் என்று பெண்டாட்டி தேவிப்ரியாவுக்குப் பாடம் எடுத்தான். அவள் சாமை புடைத்துக்கொண்டே உம் கொட்டினாள். ஒன்று சொல்லியாக வேண்டும், அவன் படித்ததில் எதுவும் தப்பில்லை.

தை மாதம், மரவள்ளி பிடுங்கிய கூலி கையில் இருந்த சமயம், பெண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினான். கேமராவை மரத்தையும் மலையையும் எடுத்துச் சோதிக்கக் கூடாது, முகத்தை எடுத்துத்தான் சோதிக்க வேண்டும் என்பது அவன் கட்சி. முகத்துக்கு மகள் ரம்யா இருந்தாள். ஒன்றரை வயது. யார் கூப்பிட்டாலும் சிரிப்பாள்.

பழைய போனும் கேமராவும் விற்கிற தனசேகரன் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. இவன் வைத்திருந்த காசுக்கு மூன்றுதான் தேறும் என்று எடுத்து வைத்தார். சரத்குமார் தன் மெமரி கார்டையே மூன்றிலும் மாற்றி மாற்றிப் போட்டான். வாசல் வெயிலில் ஒரு படம், கடைக்குள்ளே இருட்டு மூலையில் பிளாஷ் போட்டு ஒரு படம். தனசேகரன் டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு வேடிக்கை பார்த்தார். இவ்வளவு விவரமாகச் சோதிக்கிற ஆளை அவர் பார்த்ததில்லை.

முதல் கேமரா பிள்ளையை மஞ்சள் காமாலைக்காரி ஆக்கிக் காட்டியது. தள்ளிவிட்டான். இரண்டாவதைப் பார்த்ததும் அவனுக்கு மூச்சே நின்றது. காதோரத்து முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது, கன்னத்தில் காய்ந்திருந்த பால் தெரிந்தது. இதுதான் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம் பிளாஷ் போட்டு எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். வலது கண்ணின் நடுவில் சிவப்பு. இடது கண்ணின் நடுவில் வெள்ளை, தேங்காய்ப் பத்தைபோல் வெள்ளை.

"லென்ஸ்ல பூஞ்சை புடிச்சிருக்கும் தம்பி," என்றார் தனசேகரன். "உங்க மலையில பனி வேற ஜாஸ்தி. இது தாங்காது."

தேவிப்ரியா எட்டிப் பார்த்தாள். "சாயங்காலத்துல வூட்டுலகூட இவளுக்கு இந்தக் கண்ணு இப்பிடித்தாங்க மின்னுது," என்றாள்.

இரண்டு ஆண்களும் திரும்பிப் பார்க்கவில்லை. தனசேகரன் மூன்றாவது கேமராவின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிளாஷ் அடிக்கும் முன்னால் இதில் ஒரு சின்ன விளக்கு இரண்டு தரம் மினுக்கும். அந்த வெளிச்சத்துக்குக் கண்ணின் பாப்பா சுருங்கிவிடும், சிவப்போ கிவப்போ படத்தில் விழாது. எடுத்துப் பார்த்தான். இரண்டு கண்ணும் கன்னங்கரேலென்று இருந்தன. முடி மட்டும் அவ்வளவு துல்லியமாக இல்லை. அது அவனுக்குத் தெரியத்தான் செய்தது. ஆனால் விசேஷ வீட்டுப் படத்தில் பிள்ளைகளின் கண் சிவந்து கிடந்தால் பேய் பிடித்த மாதிரி இருக்கிறது என்று மலையில் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள். தொழிலுக்கு இதுதான் சரி. மூன்றாவதை வாங்கிக்கொண்டு பிள்ளைக்கு ஒரு பலூனும் வாங்கிக் கொடுத்தான்.

கேமரா சோறு போட்டது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் மஞ்சள் நீராட்டுக்கும் குலசாமி பொங்கலுக்கும் ஜீப்பிலேயே வந்து கூட்டிப் போனார்கள். அவனுக்கும் நாற்காலி கிடைத்தது, இலை கிடைத்தது. சரத்து என்று கூப்பிட்டவர்கள் போட்டோக்காரரே என்றார்கள். அவன் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தான், யாராக இருந்தாலும் நடந்திருப்பார்கள்.

தேவிப்ரியாதான் பிள்ளையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பங்குனியில் ஒரு தரம், கீழே போய் யாரிடமாவது காட்டிவிட்டு வரலாம் என்றாள். அவன் சிரித்துக்கொண்டே ரம்யாவை உட்காரவைத்து ஒரு படம் எடுத்துக் காட்டினான். "பாரு, ரெண்டும் கறுப்பாத்தான் கீது. கேமராவுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?" வைகாசியில் மறுபடி கேட்டாள், மறுபடி எடுத்துக் காட்டினான். விளக்கு இரண்டு தரம் மினுக்குவது ரம்யாவுக்கு விளையாட்டாகிப் போனது, அதைப் பார்த்தாலே கை தட்டுவாள். ஆடியில் மூன்றாம் தரமும் படத்தைக் காட்டினான். அதற்கப்புறம் தேவிப்ரியா கேட்பதை விட்டுவிட்டாள். அவ்வளவு அழகான படத்தோடு எப்படி வாதாடுவது?

புரட்டாசியில் பிள்ளையின் இடது கண் ஒருபக்கமாக ஒதுங்கிப் போயிருந்தது. நீட்டிய பிஸ்கட்டைப் பிடிக்கத் தெரியாமல் காற்றைப் பிடித்தாள். அன்றைக்கே சரத்குமார் இருவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினான். கள்ளக்குறிச்சியில் பார்த்த டாக்டர் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே இரண்டு நாள் ஸ்கேன் அது இது என்று அலைந்த பிறகு, ஒரு டாக்டரம்மா உட்காரவைத்துப் பேசினாள். கண்ணுக்கு உள்ளே கட்டி. சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற புற்று. கண்ணை எடுத்துவிட வேண்டும், கட்டி மூளைப் பக்கம் போயிருக்கிறதா என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

"போட்டோ எடுக்கறப்ப இந்தக் கண் எப்பவாவது வெள்ளையா தெரிஞ்சுதா?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"இல்லீங்க," என்றான் சரத்குமார்.

"ஒரே ஒரு படத்துல இருந்திச்சிங்க," என்றாள் தேவிப்ரியா. "தை மாசம்."

அந்தப் படம் கார்டிலேயே இருந்தது. அவ்வளவு துல்லியமான படத்தை அழிக்க அவனுக்கு மனசு வந்ததில்லை. எடுத்துக் காட்டினான். கடைக்காரர் பூஞ்சை என்றார், கேமரா கோளாறு என்று நினைத்தோம் என்று உளறினான். டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தாள். கேமராவில் ஒரு கோளாறும் இல்லை, அது உள்ளதை உள்ளபடி எடுத்திருக்கிறது என்றாள். அப்போதே வந்திருந்தால் கண்ணைக் காப்பாற்ற முயன்று பார்த்திருக்கலாம் என்பதையும் அவள் மறைக்கவில்லை.

ஆபரேஷன் அன்று காலை அவனுக்குக் கேமராவைக் கிணற்றில் எறிந்தால் தேவலை என்றிருந்தது. தேவிப்ரியாவோ பையிலிருந்து அதை எடுத்து அவனிடம் நீட்டினாள். ரெண்டு கண்ணும் இருக்கிறபோதே ஒரு படம் எடுத்து வையுங்கள் என்றாள்.

வார்டு இருட்டாக இருந்தது. பிளாஷ் வேண்டும். அந்த மினுக்கு விளக்கை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். நிறுத்தினால் வெள்ளை விழும். விரல் அதன்மேல் போய் நின்றது. பிள்ளை கடைசியாக நல்ல கண்ணோடு இருக்கட்டும் என்று விரலை எடுத்துக்கொண்டான். விளக்கு இரண்டு தரம் மினுக்கியது. ரம்யா கை தட்டிச் சிரித்தாள். பிளாஷ் அடித்தது.

படத்தில் வெள்ளை துளியும் இல்லை. தேவிப்ரியா வாங்கிப் பார்த்தாள். பெரிதாக்கி, இடது கண்ணை மட்டும் பார்த்தாள்.

"நல்லா வந்துருக்குது," என்றாள். "இதத்தான எட்டு மாசமா எனக்கு காட்டிக்கினு இருந்தீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ரம்யா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் கேமராவைக் கட்டிலில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். தோளுக்கு மேலே ரம்யாவின் முகம் தெரிந்தது. விளக்கு இன்னொரு தரம் மினுக்கும் என்று அவனையே பார்த்துக்கொண்டு போனாள்.