அத்தைக்கு ஓர் உத்தரவு

14 ஜூலை 2025, திங்கள். இன்று ஒரு சின்னத் தவறு. நாலாம் கட்டில் சங்கரன் சாரின் சிறுநீர் சேரும் பையைப் "பாத்துக்கோங்க" என்று வார்டு உதவியாளர் கெங்கம்மா அத்தையிடம் சொல்லிவிட்டு மாத்திரை கொடுக்கப் போனேன். அத்தை பார்த்துக்கொண்டார். பை நிறைந்ததும் ஒரு சொட்டுச் சிந்தாமல் கொட்டிவிட்டார். எவ்வளவு என்று அளக்கவில்லை. அளக்கச் சொன்னேனா? இல்லை. இது சின்னத் தவறுதானா என்றும் தெரியவில்லை.

மந்தைவெளியில் நர்சுகளுக்கான மாலை வகுப்பில், தினமும் வேலையைப் பற்றி நாலு வரி எழுதச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் வாரக் கடைசியில் ஏழு நாளையும் ஒரே மூச்சில் எழுதித் தள்ளுவார்கள். ஏஞ்சல் மட்டும் அன்றன்றே எழுதுவாள். எழுதியதை இரண்டு முறை படிப்பாள். படித்தபின் இன்னும் கொஞ்சம் பயப்படுவாள்.

பயப்படக் காரணமும் இருந்தது. நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் வாங்கி மயிலாப்பூர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. அந்தத் திங்கட்கிழமை டாக்டர் வந்து "எவ்வளவு போயிருக்கு?" என்று கேட்க, ஏஞ்சல் திருதிருவென்று விழிக்க, வார்டு இன்சார்ஜ் ஜைதூன் பீ சிஸ்டர் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"உனக்கு ரெண்டு ஆள் குடுத்திருக்கேன். நீ பெட்பேன் தூக்கினு ஓடுறே, பெட்ஷீட் மாத்துறே. ராபர்ட் ஜன்னல்ல நின்னு ரோட்ட வேடிக்கை பாக்குறான். கேட்டா உன் வாய்ல கொழுக்கட்டை. இப்படியே போனா புதன்கிழமை உன் பேர எடுத்து கீழ ஓ.பி. கவுண்டருக்குப் போட்டுருவேன். அங்க டோக்கன் நம்பர் கூப்ட்டா போதும்."

டோக்கன் கூப்பிடவா நாலு வருஷம் படித்தாள்? ஆனால் வேலை ஏவுவது அவளுக்கு வரவில்லை. ராபர்ட்டாவது வெளியாள். கெங்கம்மா அவளுடைய குப்பத்திலேயே மூன்று வீடு தள்ளி இருப்பவள். ஏஞ்சலுக்கு மூக்குத்தி போட்டபோது கையைப் பிடித்துக்கொண்டவள். அவளைப் பார்த்து "இதைச் செய்" என்று எந்த வாயால் சொல்வது? அதனால்தான் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்: பாத்துக்கோங்க. மரியாதையும் கெடாது, உத்தரவும் ஆகாது.

அன்று வகுப்பு முடிந்து, வீட்டுச் சாவி வாங்க அம்மாவின் மீன் கடைக்குப் போனாள். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் ஓர் ஆள் அம்மாவிடம் மல்லுக்கு நின்றான்.

"பெருங்குடியிலேந்து வரேம்மா. வறுக்கறதுக்கு வாங்கினா, கொழம்புத் துண்டா போட்டு வெச்சிருக்கீங்க. பாத்து வெட்டுங்கன்னு சொன்னேன்ல?"

"பாத்துதான் சார் வெட்னேன். கண்ண மூடிக்கினா வெட்டுவாங்க? வறுவல்னு வாயத் தொறந்து சொன்னியா? நான் இன்னா உன் வயித்துக்குள்ளயா பூந்து பாக்க முடியும்?"

பக்கத்துக் கடைக்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏஞ்சலும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டாள். சாவியை வாங்கிக்கொண்டு வீடு போகும் வழியெல்லாம் அந்த ஹெல்மெட்காரன், ஹெல்மெட்டுக்குள் ஏஞ்சலின் முகத்தோடு, கூடவே வருவது போலிருந்தது.

செவ்வாயன்று சங்கரன் சாருக்குப் புராஸ்டேட் அறுவை முடிந்தது. புதன் காலை, அவருடைய மூத்திரப்பைக்குள் ஒரு குழாய் வழியாக உப்புநீர் இறங்கி, இன்னொரு குழாய் வழியாக வெளியே பைக்கு வந்துகொண்டிருந்தது. உள்ளே போவது வெளியே வந்தாக வேண்டும். ரத்தக்கட்டி வந்து அடைத்தால் ஆபத்து.

ஏஞ்சல் துப்பட்டாவைப் பின் குத்திக்கொண்டாள். "அத்தை" என்று ஆரம்பித்தாள். வழக்கமான "பாத்துக்கோங்க" வரப் பார்த்தது. மறுபடி ஆரம்பித்தாள்.

"அத்தை, நாலாம் கட்டில் இன்னிக்கு உங்களுது. பை முக்கால் நிறைஞ்சதும் ஜாடில அளந்து, சார்ட்ல எழுதிட்டு, அப்புறம் கொட்டுங்க. ரோஸ்மில்க் கலர்ல வந்தா பரவால்ல. பீட்ரூட் கலர் ஆச்சுன்னாலோ, வர்றது நின்னாலோ உடனே என்னைக் கூப்பிடுங்க. குழாய்ல மட்டும் கை வைக்காதீங்க, அது என் வேலை. எங்க, ஒருதரம் திருப்பிச் சொல்லுங்க."



"இன்னாது? திருப்பிச் சொல்லணுமா? நான் இன்னா எல்கேஜியா? ராபர்ட்டு, கேட்டுக்கினியா? மூக்கொழுவிக்கினு எங்கூட்டு வாசல்ல நின்ன பொண்ணு, எனக்குப் பாடம் ஒப்பிக்கச் சொல்லுது!"

ஏஞ்சலின் காது இரண்டும் கொதித்தன. "மன்னிச்சுக்கோங்க அத்தை" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள். "சொல்லுங்க அத்தை" என்றாள் மறுபடி. நகரவில்லை.

கெங்கம்மா இடுப்பில் கை வைத்தாள். படகு வந்ததும் மீன் ஏலம் போடுகிற குரலை எடுத்தாள். "முக்கா பை அளந்து எழுதிக் கொட்டேய்! ரோஸ்மில்க்கு ஓகே, ரோஸ்மில்க்கு ஓகே! பீட்ரூட்டுக்குக் கூப்டு, நின்னாக்க கூப்டு! கொயால கைய வைக்காதேய்! போதுமா நர்ஸம்மா?"

வார்டே சிரித்தது. சங்கரன் சார்கூட வலியோடு சிரித்தார். ஏஞ்சல் சிரிக்கவில்லை, மனசுக்குள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஒன்றும் விடுபடவில்லை. "போதும்" என்றாள். ஆனாலும் விட்டுவிட்டுப் போகவில்லை. முதல் முறை அளக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

பதினொரு மணிவாக்கில் ஜைதூன் சிஸ்டர் மீட்டிங்குக்குக் கீழே போன நேரம். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சு விசிலடித்தது.

"நெபுலைசர் நானே வெச்சிடறேன் சிஸ்டர், எத்தனை தடவ பாத்திருக்கேன்" என்று ராபர்ட் பாய்ந்தான்.

"வேணாண்ணா, மருந்து நான்தான் போடணும். நீங்க தலைமாட்ட ஏத்தி உக்கார வைங்க. அப்புறம் ஆக்சிஜன் சிலிண்டரக் கொண்டாந்து பக்கத்துல வைங்க."

முந்தா நாள்வரை மூன்றையும் அவளே ஓடி ஓடிச் செய்திருப்பாள். இப்போது கை இரண்டும் மருந்துக்கு மட்டும் இருந்தன. மருந்துப் புகை ஏறியது. விசில் மெல்ல அடங்கியது. பெண்மணி ஒரு முழு வாக்கியம் பேசினாள்.

அப்போதுதான் வார்டின் மறுகோடியிலிருந்து அந்த ஏலக் குரல்.

"அடியே ஏஞ்சலு! நின்னுபோச்சுடி! ஓடியா!"

"அண்ணா, இவங்க பக்கத்துலயே நில்லுங்க. பேச முடியலன்னாலோ உதடு நீலமானாலோ கத்துங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

சங்கரன் சார் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார். அவர் மனைவி சூடாமணி கெங்கம்மாவின் கையைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார். "துடிக்கறாரே! அந்தக் குழாயக் கொஞ்சம் பிழிஞ்சு விடப்படாதா? அடைச்சா அப்படிப் பண்ணலாம்னு நேத்து எங்காத்துலேந்து பாக்க வந்த மச்சினர்கூடச் சொன்னாரே!"

"மாட்டேம்மா. அந்தப் பொண்ணு கைய வைக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிது. தோ வந்துட்டா பாரு."

ஏஞ்சல் உள்ளே இறங்கும் உப்புநீரை முதலில் மூடினாள். குழாய் எங்கும் மடங்கவில்லை என்று பார்த்தாள். டாக்டருக்குப் போன் போட்டாள், தடுமாறாமல் சொன்னாள். டாக்டர் வந்து சிரிஞ்சால் கழுவ, கட்டி கட்டியாக வந்தது. பிறகு தண்ணீர் சரசரவென்று பைக்குள் இறங்கியது. சங்கரன் சார், "அப்பாடா" என்று தலையணையில் சாய்ந்தார்.

"உடனே உள்ள போறத நிறுத்தினது நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர். "கொஞ்ச நேரம் விட்டிருந்தா மறுபடியும் ஆபரேஷன் தியேட்டர்தான். யார் முதல்ல பாத்தது?"

"கெங்கம்மா அத்தை டாக்டர்."

"பாத்தது நான்தான். ஆனா இன்னா பாக்கணும்னு சொன்னது இது" என்றாள் கெங்கம்மா. "காலைல என்னை ஒப்பிக்க வெச்சுச்சு சார். ஊரு பூரா சொல்லப் போறேன்."

கதவருகே ஜைதூன் சிஸ்டர் நின்றிருந்தார். எப்போது மேலே வந்தாரோ தெரியாது. முதலில் மூச்சுத்திணறல்காரியைப் போய்ப் பார்த்தார். ராபர்ட் சிலை மாதிரி அவள் பக்கத்தில் நின்றிருந்தான். பிறகு நாலாம் கட்டிலின் சார்ட்டைப் பார்த்தார். கெங்கம்மாவின் கோணல் எண்கள் வரிசையாக இருந்தன.

"நாளைக்கு நான் லீவு" என்றார். "காலை ஷிஃப்ட் உன்னுது. ஓ.பி. கவுண்டருக்கு வேற ஆள் தேடிக்கறேன்."

ஏஞ்சலுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குதி குதித்தாள். வெளியே வந்தபோது கெங்கம்மா, "இன்னாடி, உள்ள பூகம்பமா?" என்றாள்.

16 ஜூலை 2025, புதன். நாளை ஷிஃப்ட் என் பொறுப்பு. சரியாகச் செய்வேனா என்று தெரியவில்லை, ஆனால் செய்வேன். புது உதவியாளர் ஜோதிலட்சுமிக்கு முதல் நாள். ஒன்று முதல் மூன்று கட்டில்கள் அவளுக்கு. படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிடத் தெரியுமா என்று முதலில் கேட்க வேண்டும். ஒரு நோயாளிக்கு அவள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தபின் மற்றவர்களை அவளிடம் விட வேண்டும்.