தண்ணீர் ஆகாத சட்டை

மூக்குத்தியைக் கழற்றி வைத்துவிட்டு முகர்ந்திருக்க வேண்டும். புத்தி வரவில்லை. காலையில் எழுந்ததும் அலமாரியிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் கவரை எடுத்து, உள்ளே இருக்கும் டீ-ஷர்ட்டில் முகத்தைப் புதைத்துக்கொள்வது என் வழக்கம். அன்றைக்குத் தலையை எடுக்கும்போது மூக்குத்தி முனை இழையில் மாட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்துவிட்டேன். ஒரு கண் அறுந்தது. பின்னல் துணியில் ஒரு கண் அறுந்தால் சும்மா இருக்காது, பக்கத்துக் கண்களையும் கூட்டிக்கொண்டு ஓடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றுப் பக்கம் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது.

அது என் மகளுடைய சட்டை. கருநீலத்தில், எழுத்தும் படமும் இல்லாத சாதாரண டீ-ஷர்ட். போன வருஷம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். "நான் வந்து தொவைச்சுக்கறேன். மத்ததோட சேத்து ஊறப் போட்றாதம்மா, சாயம் போகும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வரவில்லை.

வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற வயதிலும் எங்களுக்கு அவள் வாலுதான். வாலுவின் மற்றத் துணியெல்லாம் துவைத்து மடித்தவை. துவைக்காமல் மிஞ்சியது இது ஒன்றே ஒன்று. பவுடர், வியர்வை, தலைக்கு வைக்கிற எண்ணெய் எல்லாம் கலந்த அவள் வாசம் இந்த உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதனால் அந்தச் சட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிட்டதில்லை நான்.

எங்கள் முன்னறையில்தான் எம்ப்ராய்டரி மெஷின் இருக்கிறது. ஓட்டல் துண்டுகளுக்குப் பெயர், பள்ளிக்கூடச் சட்டைகளுக்குச் சின்னம், இப்படித்தான் பிழைப்பு. நான் தைப்பேன், என் வீட்டுக்காரர் துவைப்பார். லாரி ஓட்டி முதுகு போனதிலிருந்து அவருக்கு இதுதான் வேலை. தைத்து முடிந்த துண்டின் மேல், தையல் அமுங்காமல் இருக்க வைத்துத் தைத்த மெல்லிய படலத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, அலசி, காயப்போட்டு, இஸ்திரி போட்டு அடுக்குவார். வேலையில் குறை சொல்ல மாட்டேன். பேச்சில்தான் பஞ்சம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் மனுஷருக்கு.

அவர்மேல் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. அவர் அந்தச் சட்டையை முகர்ந்து பார்ப்பதே இல்லை. ஆரம்பத்தில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அப்புறம் நானாக நீட்டினால்கூட, "நீ பாரும்மா" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். "நீங்க பெத்த அப்பனா, பக்கத்து வீட்டுக்காரரா?" என்று ஒரு தடவை கேட்டே விட்டேன். அதற்கும் துண்டை அலசிக்கொண்டுதான் இருந்தார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் முகர்ந்து பார்த்தபோது வாசம் இல்லை. வெறும் துணி. "போயிடுச்சுங்க, போயிடுச்சுங்க" என்று நடுவீட்டில் உட்கார்ந்து கத்தினேன். அவளை இன்னொரு தரம் தூக்கிக்கொண்டு போனது போல இருந்தது. அன்றைக்கும் மறுநாளும் சோறு இறங்கவில்லை. அவர் இடித்த புளி மாதிரி எதிரே உட்கார்ந்திருந்தார். அதற்கு அடுத்த நாள் மனசு கேட்காமல் எடுத்துப் பார்த்தேன். வாசம் இருந்தது! எனக்கு ஜலதோஷம், மூக்கு அடைத்திருக்கிறது, அதற்குப் போய் இந்தக் கூத்தா என்று அழுதுகொண்டே சிரித்தேன். ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். "ம்" என்றார். கல்நெஞ்சுக்காரர் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

இப்போது இந்த ஓட்டை. ஊசி எடுத்துக் கையால் இழுத்துத் தைத்துப் பார்த்தேன். இழுத்த இடத்துக்கு அடுத்த கண் பிரிந்தது. மெஷினில் போட்டு, ஓட்டையை மூடுகிற மாதிரி ஒரு சின்ன இலை தைத்துவிடுவதுதான் ஒரே வழி.

அவரிடம் காட்டினேன். ஓட்டையை விரலால் தொடாமல் வெகுநேரம் பார்த்தார்.

"அப்படியே விட்டுடேன்" என்றார்.

"விட்டா பத்து நாள்ல கந்தலாயிடும்."

"அதுக்காக மெஷின்ல போடணுமா?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? உங்களுக்கு என்ன, நீங்க மோந்தா பாக்கப் போறீங்க?"

அவர் எழுந்து வெளியே போனார்.

மெஷினில் போடுவது என்றால் ஸ்டெபிலைசர் வேண்டும். ஊசி படபடவென்று குத்தும்போது துணி சுருங்காமல் இருக்க அடியில் தாங்கிப் பிடிப்பது அது. கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிற மாதிரி. வாலு சின்ன வயதில் அதற்கு மூன்று பெயர் வைத்திருந்தாள்: கிழிக்கிறது, வெட்டுறது, கரையுறது. தைத்த பிறகு அதை எப்படி எடுக்கிறோமோ அதுதான் பெயர். நீள்கிற துணிக்குக் கிழிக்கிறது ஆகாது, இலை கோணிக்கொள்ளும். கரைகிறதுக்குத் தண்ணீர் வேண்டும். வெட்டுறதுதான் சரி. ஆனால் என்னிடம் இருந்ததெல்லாம் சூட்டில் ஒட்டுகிற ரகம். இஸ்திரிப் பெட்டி பட்டால் வாசம் என்ன ஆவது?

கடைக்குப் போனேன். ஸ்டெபிலைசர், நூல், ஊசி எல்லாம் மொத்தமாக விற்கிற கடை. சுருள்கள் கூரைவரை அடுக்கியிருக்கும். கடைக்காரத் தம்பிக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"வாங்கக்கா. துண்டுக்குப் படலமா?"

"இல்ல தம்பி. டீ-ஷர்ட்டுக்கு. வெட்டுறது வேணும்."

"இந்தாங்க, புதுசா வந்திருக்கு. இஸ்திரி போட்டா கப்புனு புடிச்சுக்கும்."

"சூடு ஆகாது."

"சரி, சாதா எடுத்துக்குங்க. துணி நகராம இருக்கப் பசை ஸ்ப்ரே தரேன்."

"அது ஒரு நாத்தம் அடிக்கும். பசையும் ஆகாது."

"அப்ப இது. லேசாத் தண்ணி தொட்டுத் தடவினா ஒட்டும்."

"தண்ணி ஆகவே ஆகாது."

அவன் சுருளைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தான். "சூடு ஆகாது, பசை ஆகாது, தண்ணி ஆகாது. என்னக்கா, சட்டை பத்தியத்துல இருக்கா?"

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். வேறொரு நாள் என்றால் நானும் நன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

"என் பொண்ணு கடைசியா போட்ட சட்டை, தம்பி. தொவைக்காம வச்சிருக்கேன். அவ வாசம் அதுல இருக்கு" என்றேன்.

அவன் கையை இடுப்பிலிருந்து எடுத்தான். ஏணியில் ஏறி, மேல் தட்டிலிருந்து மெல்லிய வலை மாதிரி இருந்த இரண்டு சுருள்களை, வெள்ளை ஒன்று கறுப்பு ஒன்று, எடுத்து வந்தான். சட்டை கருநீலம் என்றதும் வெள்ளையை ஒதுக்கிவிட்டு, அடியில் தெரியாது என்று கறுப்பை விரித்தான். பிறகு அதை அவனே முகர்ந்து பார்த்தான்.

"இதுலயும் மெஷின் வாசம் கொஞ்சம் இருக்குக்கா. ரெண்டு நாள் காத்தாட விடுங்க. சட்டைய மெஷின் வளையத்துல இறுக்கி மாட்டாதீங்க, தடம் விழும், அப்புறம் அதை எடுக்க ஆவி காட்டணும். வலைய மட்டும் மாட்டுங்க. சட்டைய மேல வச்சு, நாலு பக்கமும் நூலால ஓட்டிடுங்க. மெஷின மெதுவா விடுங்க."

எனக்குத் தெரிந்ததுதான் எல்லாம். ஆனாலும் அவன் சொல்லச் சொல்லத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். யாராவது ஒருவர் என்னோடு சேர்ந்து அந்த வாசத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார்களே என்று இருந்தது.

வலையைக் காற்றில் போட்டு வைத்தேன். அவர் கொடியில் துண்டு போடும்போதெல்லாம் அதைத் தள்ளாமல் சுற்றிக்கொண்டு போனார். அதன் மெஷின் வாசம் போன பிறகு வளையத்தில் மாட்டினேன். மூக்குத்தியைக் கழற்றினேன். சட்டையை மேலே வைத்து, பெரிய தையலாக நாலு பக்கமும் ஓட்டினேன். மெஷினை மிக மெதுவாக வைத்து அழுத்தினேன். இலை நன்றாகவே வந்தது. கண்கள் ஓடுவதும் நின்றுவிட்டது.

ஓட்டிய நூலைப் பிரித்து, சட்டையை உள்பக்கம் திருப்பி, மிச்ச வலையை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தேன். கறுப்பு வலை முழுக்க வெள்ளைத் தூசி. நூல் பிசிறு என்று நினைத்து ஊதினேன். போகவில்லை. விரலால் தேய்த்தேன். வழவழவென்று இருந்தது. மெஷினுக்கு அடியில், அடிநூல் சுற்றி வைக்கிற பாபின் பெட்டியைத் திறந்தேன். அங்கேயும் உதிர்ந்து கிடந்தது. பவுடர்.

வாலு கழுத்துக்கும் கக்கத்துக்கும்தான் பவுடர் போடுவாள். நான் தைத்தது வயிற்றுப் பக்கம். ஒரு வருஷமாகக் கவரில் கிடக்கும் சட்டையில், ஊசி குத்தினால் கொட்டுகிற அளவுக்குப் பவுடர் எங்கிருந்து வரும்? சட்டையை எடுத்து முகர்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, இந்த முறை ஆசையில்லாமல், விலை கேட்கிறவளைப் போல முகர்ந்தேன். பவுடர்தான் இருந்தது. வியர்வை இல்லை, எண்ணெய் இல்லை. மழைக்காலம் நினைவுக்கு வந்தது. எனக்கு அன்றைக்கு ஜலதோஷமே இல்லை.

கத்தரிக்கோலோடு பின்கட்டுக்குப் போனேன். அவர் வாளியில் ஓட்டல் துண்டுகளை அலசிக்கொண்டிருந்தார். விரலை நீட்டினேன்.

"என்னங்க இது?"

அவர் விரலைப் பார்த்தார். கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை.

"எத்தனை நாளா?" என்றேன். என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். "எத்தனை நாளா என்னை ஏமாத்திட்டிருக்கீங்க?"

"நீ சாப்பிடவே இல்லையேம்மா" என்றார். "ரெண்டு நாளா ஒரு பருக்கை உள்ள போகல. அவ டப்பாவுல அடியில கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. கவருக்குள்ள கைய விட்டு, சட்டையோட உள்பக்கமா தட்டினேன். நீ ஓடி வந்து வந்துடுச்சுன்னு சொன்ன."

"அப்புறம்?"

"அது தீந்து போச்சு. அதே பவுடர் வாங்கினேன்."

"அதனாலதான் நீங்க மோந்து பாக்கறதில்லையா?"

அவர் ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கினார். எனக்குத் திட்ட வந்தது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். நான் தினமும் காலையில் கடையில் விற்கிற பவுடரை முகர்ந்து என் மகளோடு பேசிக்கொண்டிருந்தேன். இந்த மனுஷருக்கு அவள் அந்த மழைக்காலத்திலேயே போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரரா என்று நான் கேட்டது அதற்கப்புறம்தான். அதையும் வாங்கிக்கொண்டு, துண்டு அலசிக்கொண்டு இருந்திருக்கிறார்.

உள்ளே போய்ச் சட்டையை எடுத்து வந்தேன்.

"தண்ணி வைங்க" என்றேன்.

பதறி எழுந்தார். "வேணாம்மா. பவுடருக்கு அடியில எங்கயாவது துளி மிச்சம் இருக்கும்."

"இல்லங்க. பாத்துட்டேன்."

"நமக்குத் தெரியாம இருக்கும்மா."

"வந்து தொவைச்சுக்கறேன்னு சொன்னா. வரல. நாமதான் தொவைக்கணும். பச்சைத் தண்ணி வைங்க. துண்டோட சேக்காதீங்க, சாயம் போகும்."

வேறு வாளியைக் கழுவி, தண்ணீர் பிடித்தார். நான்தான் சட்டையை அதில் விட்டேன். முதலில் வெள்ளையாகக் கலங்கியது. பிறகு நீலம் இறங்கத் தொடங்கியது. வாலு சொன்னது சரிதான், அப்படியொரு சாயம். அவர் குந்தி உட்கார்ந்து, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி, கசக்காமல் அமுக்கி அமுக்கி எடுத்தார். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தார். நீலம் நின்றதும் பிழிந்து உதறினார். கொடியில் போடப் போகிறார் என்று நினைத்துக் கிளிப்பை எடுத்து நீட்டினேன்.

அவர் கொடிவரை போகவில்லை. நின்ற இடத்திலேயே அந்த ஈரச் சட்டையை இரண்டு கையாலும் முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சட்டையிலிருந்து தண்ணீர் அவர் முழங்கை வழியாகச் சொட்டியது. நான் கிட்டே போய் அவர் முதுகில் கை வைத்தேன்.

"என்ன வாசம்ங்க வருது?" என்றேன்.

"ஈரத் துணி வாசம்தாம்மா" என்றார். முகத்தை எடுக்கவில்லை.