ஆடியில் ஒரு திகதி

புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கதிர் கொடுக்கும் அறைக்குள் போன என் கணவர் புஷ்பராஜைக் கொஞ்ச நேரத்திலேயே வெளியே விட்டுவிட்டார்கள். சக்கர நாற்காலியில் வந்தவர், வகுப்பில் முதலாம் பிள்ளையாய் வந்தவர் மாதிரி எனக்குப் பெருவிரலைக் காட்டினார்.

"முடிஞ்சுது ராணி. ஒரே நாள்தான், இனி வரத் தேவையில்லையாம்."

வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த றலியா என் கையைப் பிடித்தாள். அவளுடைய கணவர் ஸஹாப்தீனுக்கு ஒரு மாதத்துக்கு மேல் கதிர் எழுதியிருக்கிறார்கள். தினமும் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி வருகிறார்கள். "எங்கட மனிசருக்கும் அந்த ஒரு நாள் மெஷினத் தரச் செல்லி டொக்டர்ட்டக் கேளுங்களே," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, யாரில் என்றுதான் தெரியவில்லை. "கேக்காதேங்கோ றலியா. உங்களுக்கு அது வேண்டாம்." அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிடித்த கையை விடவில்லை.

எல்லாம் டொரொண்டோவில் இருக்கும் என் தம்பி கிருபாகரன் பார்த்த வேலை. இவருக்கு இடுப்பெலும்பில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து வீடியோவாய் அனுப்பித் தள்ளினான். புரோட்டோன் கதிர் கட்டியோடு நின்றுவிடும், அப்பால் போகாது. கார்பன் கதிர் அதைவிட ஊன்றி அடிக்கும். அந்த இரண்டும் இந்த நாட்டில் இல்லை. ஸ்டீரியோடாக்டிக் என்றால் நாலாபக்கத்தாலும் குறிவைத்து நாலைந்து நாளில் வேலையை முடித்துவிடும். மற்ற ஆம்பிளைகள் கிரிக்கெட் பார்ப்பதுபோல இவர் பின்னேரங்களில் அவற்றைப் பார்த்துவிட்டு, எது திறமென்று எனக்கு வகுப்பு எடுப்பார். நாள் குறையக் குறைய மெஷின் புதிது என்பது அவராகவே எடுத்த முடிவு. அதனால் ஒரே நாள் என்றதும் கனடாவில்கூட இல்லாதது தனக்குக் கிடைத்துவிட்டதாக நம்பிவிட்டார்.

டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது வேறு. நோய் முதுகெலும்புக்கும் நுரையீரலுக்கும் போய்விட்டது. சுகப்படுத்தலாம் என்றிருந்தால் நாள் கணக்காய்க் கொடுப்பார்கள். இது நோவைக் குறைக்க மட்டும், ஒரு தரம் போதும். "ஆவணி வரைக்கும் இருப்பாரோ?" என்று கேட்டேன். அவர் மேசையைப் பார்த்தார்.

திரும்பி வரும் வழியில் வெள்ளவத்தையில் கல்யாண மண்டபத்தடியில் இவர் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். எங்கள் மகள் ரதி தையில் பெரியபிள்ளையானவள். ஆஸ்பத்திரி அலைச்சலில் சடங்கு தள்ளித் தள்ளி ஆவணி வரை போயிருந்தது.

"சாமத்திய வீட்டுக்கு இப்பவே மண்டபத்தைப் பிடிச்சுப்போட்டு வாரும். ஆவணியில. அதுக்குள்ள நான் நடந்திடுவன். பிள்ளையின்ர கையைப் பிடிச்சு நானே மேடைக்குக் கூட்டிக்கொண்டு போவன்."

"ஓம்," என்றேன். இதைவிடப் பெரிய பொய் நான் சொன்னதில்லை.

மண்டபத்துக் கந்தோர் மாடியில் இருந்தது. அங்கே இருந்த பெண் கொப்பியைப் புரட்டி, "ஆவணியில ரெண்டு ஞாயிறு கிடக்கு அக்கா," என்றாள்.

"இந்த மாசம் இல்லையோ?"

"இந்த மாசம் ஃபுல். வாற மாசம் முழுக்கச் சும்மா கிடக்கு. ஆனா அது ஆடியல்லோ, ஆரும் நல்ல காரியம் செய்யமாட்டினம்."

"ஆடி முதல் ஞாயிறைப் போடுங்கோ."

அவள் பேனையோடு நிமிர்ந்து பார்த்தாள். "சனம் கதைக்கும் அக்கா."

"கதைக்கட்டும்."

அவள் எழுதினாள். நான் ஜன்னலால் கீழே பார்த்தேன். காலி வீதி வெயிலில், ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் விரித்து, கிடைத்ததா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் டிரைவரின் தோளில் தட்டிச் சிரித்தார்.