பதினாலு இழுப்பு

சவப்பெட்டியின் மேல் வைத்திருந்த தலைக்கவசத்தை எடுத்து ஃபன்வெல் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார். அடுத்து இடுப்பு வார், அதற்கப்புறம் பூட்ஸ். பூட்ஸ் இரண்டு அளவு பெரிது. வேண்டுமென்றே அதை இழுத்து இழுத்து நடந்து காட்டினார். ஒரு நிமிஷம் முன்புவரை மாரில் அடித்துக்கொண்டிருந்த பெண்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. செத்தவர் அப்படித்தான் நடப்பார்.

நேத்சாய் சிரிக்கவில்லை. பாயின் ஓரத்தில், அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். நேற்று மத்தியானம் முட்டாரே டவுனில் ஒரு பள்ளிக்கூடத்து, ஊதாப் பூ பூக்கிற ஜக்கரண்டா மரத்தின் உச்சியில் அவள் அப்பா ஜைரோஸ் செத்துப்போனார். விழவில்லை. கயிற்றில் கட்டியபடி, கவட்டில் உட்கார்ந்தபடியே. டாக்டர் இதயம் என்றார். இன்று இரண்டு மணிக்கு அடக்கம்.

ஃபன்வெல் அந்தக் குடும்பத்தின் சஹ்விரா, பரம்பரையாக வருகிற சடங்குத் தோழர். அவருடைய அப்பா நேத்சாயின் தாத்தாவுக்கு சஹ்விரா. சாவு வீட்டில் சஹ்விரா செத்தவரின் உடுப்பைப் போட்டுக்கொள்ளலாம், அவரைப் போலவே பேசி நடிக்கலாம், அவர் ரகசியத்தையெல்லாம் போட்டு உடைக்கலாம். பெண்டாட்டியே ஆனாலும் கோபிக்கக் கூடாது. இதுபோக, இருபத்திரண்டு வருஷமாக ஜைரோஸ் மரம் ஏறும்போது கீழே கயிறு பிடித்தவரும் இவர்தான். நேற்று நடந்ததை முழுசாகப் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

நேற்றிலிருந்து நேத்சாய் கண்ணை மூடவில்லை. அக்டோபர் வெயில். கிளைகளை மூடிக்கொண்டு போகும் தார்ப்பாயைத்தான் முற்றத்தில் பந்தலாகக் கட்டியிருந்தார்கள். அதன் மடிப்புகளில் ஒட்டியிருந்த ஊதாப் பூக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒன்று அத்தையின் தலைத்துணியில், ஒன்று பெட்டியின் மேல். பாட்டும் மேளமும் எங்கோ தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல அவளுக்குக் கேட்டது. அப்பா வீட்டுக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்று இரண்டு தடவை நினைத்துவிட்டாள்.

அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு கேள்வி. மரம் ஏறி வெட்டுவது அப்பா, மெஷின்களைப் பார்த்துக்கொள்வது அவள். அப்பா இடுப்பில் தொங்கவிட்டு மேலே கொண்டுபோகிற சின்ன ரம்ப மெஷினின் பெட்ரோல் டியூபில் திங்கட்கிழமை ஒரு கீறலைப் பார்த்தாள். புது டியூப் டிராயரில்தான் கிடந்தது. அன்றைக்குக் கிளை அரைக்கும் பெரிய மெஷினின் பேரிங்கைக் கழற்றிப் போட்டிருந்தாள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டாள். நேற்றுக் காலையில் அப்பா கேட்டார்:

"சின்னது சரியா இருக்கா?"

"ம். எடுத்துட்டுப் போங்க."

அவ்வளவுதான். மெஷின் மேலே போய் ஸ்டார்ட் ஆச்சா, இல்லையா? ஆகவில்லை என்றால் அறுபத்துமூன்று வயது மனுஷன் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு எத்தனை தடவை அதன் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தார்? ஃபன்வெல்லிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவரும் நேற்றிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

முற்றத்து ஓரத்தில் நின்ற அந்தக் கிளை அரைக்கும் பெரிய மெஷினின் மேலே ஃபன்வெல் தொற்றி ஏறி நின்றார். அதுதான் மரம்.

"டேய் ஃபன்வெல்! கயித்தப் புடிக்கிறியா, தூங்குறியா?" அச்சு அசல் அப்பாவின் குரல். உடனே கீழே குனிந்து தன் சொந்தக் குரலில் பதில் சொன்னார்: "நீ சோக்கோ, குரங்கு குலம். உனக்குக் கயிறு எதுக்குடா? வால் இருக்குல்ல!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சோக்கோ குலத்து ஆண்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள்.

ஃபன்வெல் சின்ன மெஷினை இடது கையில் பிடித்திருக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, இல்லாத ஸ்டார்ட்டர் கயிற்றை வலது கையால் இழுத்தார். "ஒண்ணு!" என்று யாரோ கத்தினார்கள். மறுபடியும் இழுத்தார். "ரெண்டு!" எல்லாரும் சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள். நேத்சாய் பாயின் கோரையை நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தாள். மூன்றில் நிற்கட்டும், கடவுளே. நான்கில் நிற்கட்டும்.

ஏழாவதில் ஃபன்வெல் நெற்றியைத் துடைத்தார். "நேத்சாய்! நீ குடுத்து விட்டது மெஷினாடீ, மாமியாரா? எவ்வளவு கெஞ்சினாலும் அசைஞ்சு குடுக்க மாட்டேங்குது!"

பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். எட்டு. ஒன்பது. பதினொன்றில் சிரிப்பு குறைந்தது. பதினாலாவது இழுப்பில் எண்ண ஆளில்லை.

ஃபன்வெல் மெல்ல உட்கார்ந்தார். "கொஞ்சம் இருடா," என்றார் அப்பாவின் குரலில். "இங்கேர்ந்து பாத்தா ஊரே ஊதாவா இருக்கு. மலை கூட ஊதாவா இருக்கு."

தலை மார்பில் சாய்ந்தது. ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். பேசியபோது அது ஃபன்வெல்லின் சொந்தக் குரல்.

"உக்காந்திருக்கான், உக்காரட்டும்னு நெனச்சேன். கயித்தப் புடிச்சுக்கிட்டு கால் மணி நேரம் என் பல்லு வலியப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தேன். அவன் குறுக்க பேசாம கேட்டது நேத்துத்தான்."

சிரிப்பதா அழுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள்.

ஃபன்வெல் இறங்கி, பூட்ஸை இழுத்துக்கொண்டு நேராக நேத்சாயிடம் வந்து நின்றார். தலைக்கவசத்தின் முகவலைக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. "சொல்லு. மெஷினப் பாத்தியா?" அது மறுபடியும் அப்பாவின் குரல். சஹ்விரா கேட்டால் செத்தவர் கேட்டமாதிரி. பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"பாக்கலப்பா," என்றாள். "டியூப்ல கீறல் இருந்துச்சு. நாளைக்கு மாத்திக்கலாம்னு விட்டுட்டேன். சரியா இருக்குன்னு பொய் சொல்லிட்டேன்." சொன்னதும் அழுகை வந்துவிட்டது. நேற்றிலிருந்து வராத அழுகை.

"அப்ப இப்ப மாத்து. ரிப்பேர் மெஷின விட்டுட்டு நான் எப்படிப் போறது?"

ஃபன்வெல் போய்ச் சின்ன மெஷினை எடுத்து வந்தார். அதைத் தன் சட்டை ஒன்றில் சுற்றி வைத்திருந்தார். "கயித்துல எறக்கி அப்படியே சுத்தினதுதான். ஒருத்தரும் தொடல. எனக்கு இதப் பாத்தாலே பயம், உனக்குத் தெரியும்," என்றார். டிராயரிலிருந்து புது டியூபையும் ஸ்க்ரூ டிரைவரையும் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பெட்டிக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து மூடியைக் கழற்றினாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. ஸ்டார்ட் பண்ணும்போது இழுக்கிற சோக் இழுத்தபடியே இருந்தது. டாங்க் நிறைய பெட்ரோல். டியூபை வளைத்துப் பார்த்தாள். கீறல் மேல்தோலோடு நின்றிருந்தது, ஒழுகின தடமே இல்லை. பொறி விடுகிற ஸ்பார்க் பிளக்கைத் திருகி எடுத்தாள். கருப்பாக, சொதசொதவென்று நனைந்திருந்தது. பெட்ரோல் ஒழுங்காகத்தான் வந்திருக்கிறது. வந்து வந்து ரொம்பியே போயிருக்கிறது. பொறிதான் விழவில்லை.

அப்போதுதான் சுவிட்சைப் பார்த்தாள். கைப்பிடிக்குப் பக்கத்தில், கட்டைவிரல் படுகிற இடத்தில். அது கீழே தள்ளியிருந்தது. ஆஃப்.

சுவிட்சைப் போடாமல் பதினாலு தடவை இழுத்திருக்கிறார்.

நான் இல்லை. என்னால் இல்லை. உடம்பு காற்றில் மிதக்கிற மாதிரி லேசாகிவிட்டது. எழுந்து நின்று கத்த வேண்டும்போல இருந்தது. தலையைத் தூக்கினாள். முற்றம் முழுக்க ஆட்கள். டவுனில் மரம் வெட்டுகிற அத்தனை பேரும் வந்திருந்தார்கள். முட்டாரேயிலேயே பெரிய மரம் என்றால் ஜைரோஸைக் கூப்பிடு என்று சொல்லுகிறவர்கள். இவர்களிடம் சொன்னால்? சஹ்விரா அதையும் நடித்துத்தான் ஆகவேண்டும். இன்னும் இருபது வருஷத்துக்கு மரத்தடிகளில் உட்கார்ந்து சொல்லிச் சிரிப்பார்கள், சுவிட்ச் போட மறந்துட்டு மெஷினோட மல்லுக்கு நின்ன ஜைரோஸ் என்று. போன வாரம் அப்பா அவளை, செத்துப்போன தன் தங்கை பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவளும் சிரித்துவிட்டுப் போனாள். அதை அம்மாவிடம்கூட சொல்லவில்லை.

பழைய டியூபை வெளியே உருவினாள். எல்லாருக்கும் தெரிகிறமாதிரி உயர்த்திப் பிடித்து, கீறல் வாய் திறக்கும்படி வளைத்தாள்.

"பாத்துக்கங்க. கீறல். இதாலதான் ஸ்டார்ட் ஆகல. என் தப்புதான்."

"அடிப் பாவி மகளே!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு துண்டு டியூபுக்காடீ என் அண்ணன அனுப்பினே?" கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மரம் வெட்டுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

நேத்சாய் நிமிரவில்லை. புது டியூபை மாட்டினாள். பிளக்கைத் துடைத்து, ஊதி, முறுக்கினாள். சோக்கைத் தள்ளினாள். மெஷினைத் தூக்குகிற சாக்கில் கட்டைவிரலால் சுவிட்சை மேலே தள்ளினாள்.

பக்கத்தில் குந்தியிருந்த ஃபன்வெல் அந்த விரலைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். வாய் திறந்தது. எதை வேண்டுமானாலும் சொல்ல அன்றைக்கு உரிமை உள்ள ஒரே ஆள் அவர்.

"என்ன சஹ்விரா, மாத்திட்டாளா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"மாத்திட்டா," என்றார் ஃபன்வெல்.

முதல் இழுப்பில் இருமியது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. நீலப் புகை பந்தலுக்கு அடியில் பரவியது, பெண்கள் தலைத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு குலவையிட்டார்கள். ஆண்கள் பெட்டிக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினார்கள்.

"போதும், நிறுத்துடீ! கெளம்பணும்!" என்று அத்தை காதருகே கத்தினாள்.

நிறுத்த வேண்டுமென்றால் அந்தச் சுவிட்சை, அப்பா விட்டுப்போன மாதிரியே, கீழே தள்ள வேண்டும். நேத்சாய் கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள். அப்புறம் விரலை எடுத்துவிட்டு, செயின் சுற்றாமல் பிடிக்கிற பிரேக்கை மட்டும் தள்ளி, ஓடுகிற மெஷினைப் பெரிய மெஷினின் தட்டில் வைத்துவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் நடந்தாள்.

தெருமுனை திரும்பியபிறகும் அது ஓடிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது.